'ஐ கேன் ஸீ' என்று சொன்ன கிரேன்காரர்

துறைமுகத்தில் அவரை எல்லாரும் கொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளும் உயரம், கழுத்தும் நீளம். பத்தொன்பது வருடம் கிரேன் கேபினில் உட்கார்ந்து, காலுக்கு அடியில் இருக்கும் கண்ணாடி வழியாகக் கீழேயே பார்த்துப் பார்த்து, தரையில் நடக்கும்போதும் தலை முன்னால் நீண்டிருக்கும். பட்டப்பெயருக்காக அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "கொக்கு ஒத்தக் கால்ல நிக்கும். எனக்கு மேல உக்காந்து ரெண்டு காலும் மரத்துப் போகுது" என்பார்.

அவருக்குப் பதினேழு வயதில் அப்பா போய்விட்டார். அம்மா அதற்கு முன்பே இல்லை. தங்கச்சிக்கு அப்போது எட்டு வயது. கப்பல் தளத்தைக் கூட்டிக் கழுவும் வேலைக்குச் சேர்ந்து, பிறகு மூட்டை தூக்கி, பிறகு கொக்கி மாட்டி, கடைசியில் உரிமம் வாங்கி மேலே ஏறினார். கேபினுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு படிகள். மேலே கழிப்பறை கிடையாது என்பதால் காலையில் அரை டம்ளர் தண்ணீருக்கு மேல் குடிக்க மாட்டார். இதெல்லாம் அவர் ஒரே நாளில் சொன்னதில்லை. வகுப்பு முடிந்து நான் பஸ்ஸுக்காக நிற்கும்போது, அவரும் அதே நிறுத்தத்தில் நிற்பார். அப்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னது.

நான் பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். அந்த வருடம் துறைமுகக் கம்பெனி கை மாறியது. புது நிர்வாகம் வந்ததும், வாக்கி-டாக்கியில் இனி இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். கப்பல் ஆட்கள், சூப்பர்வைசர்கள், கிரேன் ஓட்டுபவர்கள் எல்லாருக்கும் ஒரே மொழி. அதற்காக வாரம் இரண்டு நாள், ஷிப்ட் முடிந்ததும் கேன்டீன் மாடியில் ஒரு வகுப்பு. என்னைக் கூப்பிட்டார்கள். பதினோரு பேர். எல்லாருமே என்னைவிடப் பெரியவர்கள், ஒருவரைத் தவிர. கை வைக்கும் பலகை பொருத்திய நாற்காலிகளில் அவர்களால் முழுதாக உட்கார முடியாது. பேனாவை ஸ்பேனர் பிடிப்பதுபோல் பிடிப்பார்கள்.

என்னைவிட இளையவரான அந்த ஒருவர், கொக்கின் தங்கச்சி வீட்டுக்காரர். கன்டெய்னர்களைக் கட்டியிருக்கும் இரும்புக் கம்பிகளையும் மூலைப் பூட்டுகளையும் அவிழ்ப்பது அவர் வேலை. மாப்பிள்ளையைத் தேடி எங்கேயும் போகவில்லை கொக்கு. ஒரு வருடம் மேலேயிருந்து பார்த்துப் பார்த்தே முடிவு செய்தாராம். "மத்தவன்லாம் ஹெல்மெட்டைக் கழட்டி உக்காருவான் டீச்சர். இவன் அந்த மஞ்ச ஹெல்மெட்டைக் கழட்டவே மாட்டான். பயந்தவன். பயந்தவனுக்குத்தான் பொண்ணு குடுக்கணும்னு குடுத்தேன்." பக்கத்தில் நிற்கும் மாப்பிள்ளை, "மச்சான், டீச்சர் முன்னாடி மானத்தை வாங்காதீங்க" என்று தலையைச் சொறிவார். கல்யாணமாகி ஆறு வருடம், நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை.

நான்காவது வகுப்பில் துணைவினைகள் எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் எப்படி எடுப்பேனோ அப்படியே. கரும்பலகையில் 'கேன் = முடியும்' என்று எழுதினேன். பின்வரிசையில் இருந்து மாப்பிள்ளை சொன்னார்: "சரிதான் டீச்சர். கேன் இருந்தா மூடியும் இருக்கும்ல."

கேன்டீன் மாடியே குலுங்கும்படி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு யாரைக் கேட்டாலும் 'கேன்' என்றவுடன் 'முடியும்' என்று பட்டென்று வரும். இருபது வருட டீச்சர் வேலையில் நான் நடத்திய எந்தப் பாடமும் அப்படி ஒட்டிக்கொண்டதில்லை.

பதினான்காவது வகுப்பு முடிந்து எல்லாரும் எழுந்துவிட்டார்கள். கொக்கு மட்டும் நோட்டை மூடாமல் உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், ஒரு சந்தேகம். ஓகே சார் அடிக்கடி 'கேன் யூ ஸீ, கேன் யூ ஸீ'னு கேக்குறார்." ஓகே சார் என்பது வெளிநாட்டிலிருந்து வந்த புது சூப்பர்வைசர். எந்த வாக்கியமாக இருந்தாலும் ஓகே என்றுதான் முடிப்பார். "உன்னால பாக்க முடியுமான்னுதானே அர்த்தம்? எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. வருஷா வருஷம் டெஸ்ட் எடுக்குறாங்க. இந்த மனுஷனுக்கு ஏன் சந்தேகமாவே இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

அன்றைக்கு வீட்டில் நாற்பத்திரண்டு பரீட்சைப் பேப்பர்கள் திருத்தக் கிடந்தன. பஸ் போய்விடும். "அதுக்கு அப்படி நேரா அர்த்தம் எடுக்கக் கூடாது அண்ணே. அது கொஞ்சம் தனி விஷயம். அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றேன்.

"சரி டீச்சர்" என்று நோட்டை மூடினார்.

இரண்டே நிமிடத்தில் சொல்லியிருக்கக் கூடிய விஷயம் அது. பார்ப்பது, கேட்பது போன்ற வினைகளோடு 'கேன்' சேர்ந்தால், அங்கே திறமையைப் பற்றிய பேச்சே கிடையாது. 'ஐ கேன் ஸீ ஹிம்' என்றால் இந்த நொடி அவர் என் கண்ணில் இருக்கிறார் என்று பொருள். ஓடுவதை 'ஐ ஆம் ரன்னிங்' என்பதுபோல, பார்வையில் படுவதை 'ஐ ஆம் ஸீயிங்' என்று அவர்கள் சொல்வதில்லை. அந்த இடத்தை 'கேன்' எடுத்துக்கொள்கிறது. நாம் 'தெரியுறாரு' என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறோமே, அதுதான். பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்துகொண்டே சொல்லியிருக்கலாம். நான் பேப்பர்களை நினைத்துக்கொண்டு வேகமாக நடந்தேன்.

அடுத்த வாரம் கப்பல்கள் அதிகம் என்று வகுப்பை ரத்து செய்தார்கள். அந்த வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு அது நடந்தது.

கப்பலின் நடுப்பகுதியில், இரண்டு கன்டெய்னர் அடுக்குகளுக்கு இடையே இருந்த பள்ளத்தில் ஒரு கன்டெய்னரை இறக்க வேண்டும். கீழே ஒரு மூலைப் பூட்டு சிக்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்க மாப்பிள்ளை உள்ளே இறங்கினார். ஓகே சார் கப்பலின் மேல்தளத்தில், அடுக்குக்கு மறுபக்கம் நின்றார். அவர் நின்ற இடத்திலிருந்து பள்ளம் தெரியாது. வெயில் தண்ணீரில் பட்டுத் தெறித்ததில், கேபினின் காலடிக் கண்ணாடியில் கீழே இருப்பதெல்லாம் வெள்ளையாகக் கூசியது.

வாக்கி-டாக்கியில் ஓகே சார் கேட்டார்: "யுவர் மேன் இஸ் டவுன் தேர். கேன் யூ ஸீ ஹிம்?"

கொக்கு சொன்னார்: "யெஸ். ஐ கேன் ஸீ."

"ஓகே. லோயர்" என்று இறக்கச் சொன்னார் ஓகே சார்.

ஆள் கிரேன்காரரின் கண்ணிலேயே இருக்கிறார், அவர் பார்த்து இறக்குவார் என்று ஓகே சார் நினைத்துவிட்டார். கொக்குக்குப் புரிந்தது வேறு. அந்த இடத்தை உன்னால் பார்க்க முடியுமா என்று கேட்கிறார், அது நான் பார்க்கக்கூடிய இடம்தான், ஆளை அவரே வெளியே வரச் சொல்லிவிட்டுத்தான் என்னிடம் இறக்கு என்கிறார். ஒருவரை ஒருவர் நம்பினார்கள். நாலாயிரம் கிலோ எடை மெதுவாக, எதிலும் உரசாமல், கொக்கு எப்போதும் இறக்குவதுபோல் நேர்த்தியாக இறங்கியது.

சத்தம் கேட்டு மற்றவர்கள் கையை ஆட்டியதும் அவர் நிறுத்தி, மறுபடி தூக்கினார். தூக்கிய கன்டெய்னரைக் கொண்டுபோய்க் கரையில் அதற்கான கோட்டுக்குள் வைத்தார். பிரேக் போட்டார். படியிறங்கி வந்தார். கீழே நாலு பேர் அவரைப் பிடித்து நிறுத்தினார்கள். அதற்குள் ஆள் யாரென்று அவருக்குத் தெரிந்திருந்தது. தூக்கும்போதே மஞ்சள் ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டார்.

வீட்டுக்குச் சொல்ல கம்பெனி வண்டியை அனுப்பப் பார்த்தார்கள். "என் தங்கச்சி வீடு. நான் போறேன்" என்று அதிலேயே ஏறிக்கொண்டார். அவர் வாசலில் நின்றபோது தங்கச்சி துணி உலர்த்திக்கொண்டிருந்ததாம். "என்னண்ணே இந்த நேரத்துல? அவரும் வந்துட்டாரா?" என்று அவர் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்ததாம். வண்டி டிரைவர்தான் சொன்னார்.

பதினைந்து நாள் கழித்து விசாரணை. கம்பெனி அலுவலகத்தில், நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், தட்டச்சு செய்ய ஒருவர். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கொக்கு சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வந்திருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

முதலில் ஒலிப்பதிவைப் போட்டார்கள். இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் தெளிவாகக் கேட்டது. 'யெஸ். ஐ கேன் ஸீ.' நான் சொல்லிக்கொடுத்த உச்சரிப்பு. வகுப்பு தொடங்கியபோது 'சீ' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

விசாரணைத் தலைவர் கேட்டார்: "குட் யூ ஸீ ஹிம்?"

இதைத் தமிழில் இரண்டு விதமாகக் கேட்கலாம். 'பார்க்க முடிஞ்சுதா' என்று கேட்டால் மறுபடி அதே குழியில் விழுவார். நான் கேட்டேன்: "அவர் உங்க கண்ணுக்குத் தெரிஞ்சாராண்ணே?"

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தெரியல" என்றார்.

அதை இங்கிலீஷில் சொன்னேன். பிறகு ஏன் தெரிகிறது என்று சொன்னார் என்று தலைவர் கேட்டார்.

"ஆளைச் சொல்லல. அந்த இடத்தை என்னால பாக்க முடியும்னு சொன்னேன். அதைத்தான் கேக்குறார்னு நினைச்சேன்." பிறகு யாரும் கேட்காமலே சொன்னார்: "ஆனா நான் பாத்திருக்கணும். என்ன கேட்டா என்ன. பாத்திருக்கணும்."

'ஹி ஷுட் ஹேவ் ஸீன் ஹிம்' என்றேன். தவறில்லாத மொழிபெயர்ப்பு. ஆனால் அவர் சொன்னது நெஞ்சு வெடித்துச் சொன்னது. இங்கிலீஷில் அது ஒப்புதல் வாக்குமூலமாக விழுந்தது. தட்டச்சு செய்பவரின் விரல்கள் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

நான் எழுந்து, ஒரு விஷயம் விளக்க அனுமதி வேண்டும், இவருக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்ததே நான்தான், இந்த 'கேன்' பற்றி நான் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்றேன். தலைவர் மரியாதையாகவே சொன்னார், உங்கள் வேலை மொழிபெயர்ப்பது மட்டும் என்று. நான் உட்கார்ந்தேன். இன்னும் இரண்டு நிமிடம் நின்றிருக்கலாம். வெளியே போகச் சொல்லும்வரை பேசியிருக்கலாம். உட்கார்ந்துவிட்டேன்.

கிரேன்காரரின் கவனக்குறைவு என்று முடிவானது. உரிமம் போயிற்று. ஓகே சார் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் தன் நாட்டுக்குப் போய்விட்டார். போவதற்கு முன் அவர் தனியாக அந்தக் கப்பல் துறைக்கு வந்து அரைமணி நேரம் நின்றதாகக் கேன்டீனில் சொன்னார்கள். அவர் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. அவர் கேட்டது சரியான இங்கிலீஷ்.

நான் கொக்கின் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்து, நாற்காலி போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். மேல்முறையீடு செய்யலாம், நானே எழுதித் தருகிறேன், என் தப்பு என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று சொன்னேன். முழுதும் கேட்டுக்கொண்டார்.

"நான் என் தங்கச்சிகிட்டப் போய், 'கேன்'னா என்னன்னு சரியாத் தெரியலம்மா, அதான் உன் புருஷன் மேல இறக்கிட்டேன்னு சொல்லவா டீச்சர்?"

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"நீங்க உங்க பொழப்பைப் பாருங்க. உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். வாசல்வரை வந்து என் செருப்பைத் திருப்பி வைத்தார்.

அந்த வகுப்பு அதோடு நின்றது. கம்பெனி மறுபடி கூப்பிட்டது, நான் போகவில்லை. கொக்கு ஊரின் மறுகோடியில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வாசல் தடுப்பைத் தூக்கி இறக்கும் வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். வீட்டையும் அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டார். மாடி வீடு வேண்டாம் என்று கீழ்வீடாகப் பிடித்தாராம்.

நான்கு வருடம் கழித்து, ஒரு மத்தியானம், எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெண் தன் மகளைச் சேர்க்க வந்தது. விண்ணப்பத்தில் அப்பா பெயருக்கு முன்னால் 'லேட்' என்று எழுதியிருந்தது. அந்தக் குழந்தை அன்று பின்வரிசையில் இருந்து 'மூடியும் இருக்கும்ல' என்றவரின் முகத்தை அப்படியே வைத்திருந்தது. நான் யாரென்று சொன்னேன். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

"நீங்கதான் அன்னிக்கு விசாரணையில இருந்தீங்களா? அவங்க பேசினதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

அடுத்த நாள் வந்து, கைப்பைக்குள் இருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தது. மடிப்புகளில் கிழிந்து, டேப் ஒட்டியிருந்தது. கம்பெனி அனுப்பிய விசாரணை முடிவு, நாலு பக்கம், முழுதும் இங்கிலீஷ். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியின் அடியில் பென்சில் கோடு. இறந்தவரைத் தன்னால் பார்க்க முடிந்ததாகக் கிரேன் ஓட்டுநர் கூறினார் என்ற வரி. அவர் சொன்ன 'கேன் ஸீ' அறிக்கையில் 'குட் ஸீ' ஆகியிருந்தது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்லும்போது 'கேன்' 'குட்' ஆகும் என்பது நான் வருடாவருடம் நடத்தும் விதி. கூடவே, அவர் சொல்லாத 'இறந்தவரை' என்ற வார்த்தையும் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது.

"பக்கத்து வீட்டுக் கணக்கர்தான் படிச்சுச் சொன்னார்" என்றது அந்தப் பெண். "உங்க அண்ணன் பாத்துக்கிட்டேதான் இறக்கியிருக்கார்னு. அண்ணனே வாயால சொன்னாராம். நான் அண்ணன்கிட்டப் போய் இந்தப் பேப்பரைக் காமிச்சேன். இது உண்மையான்னு கேட்டேன். ஒண்ணுமே பேசல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னுச்சு. அன்னிக்கோட நான் பேச்சை விட்டுட்டேன்."

ஆசிரியர் அறையில் யாரும் இல்லை. உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கரும்பலகையில் நான் எழுதியது, பஸ்ஸைப் பிடிக்க நான் ஓடியது, வாக்கி-டாக்கியில் கேட்ட கேள்வி, அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பது, விசாரணையில் அவர் சொன்ன 'தெரியல'. என் பங்கை ஒளிக்கவில்லை.

"அப்ப அண்ணன் அவரைப் பாக்கல."

"பாக்கலம்மா."

"பாத்திருந்தா?"

"நிறுத்தியிருப்பார்."

கடிதத்தை மடித்து உள்ளே வைக்கப் பார்த்தது. பையின் ஜிப்பை மூடாமலே விட்டது. "நாலு வருஷம்" என்றது. "குழந்தை ரெண்டு தடவை ஆஸ்பத்திரில கெடந்தா. அண்ணன் வந்து வெளியவே நின்னுட்டுப் போயிருக்கு. நான் உள்ள விடல."

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் போனோம். என்னையும் வரச் சொன்னது அந்தப் பெண்தான். இரண்டு பஸ் மாற வேண்டும். வழியெல்லாம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தது. மன்னிப்புக் கேட்கணும், முதலில் அண்ணி காலில் விழணும், மகளை அடுத்த வாரம் கூட்டிவரணும் என்று.

கொக்கின் கழுத்து இப்போது தோளுக்குள் இறங்கியிருந்தது. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. சன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தங்கச்சியைப் பார்த்ததும் எழுந்தார், பிறகு எங்கே நிற்பது என்று தெரியாததுபோல மறுபடி உட்கார்ந்தார். அவர் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார்.

"அண்ணே, டீச்சர் எல்லாம் சொல்லிட்டாங்க. நீ அவரைப் பாக்கவே இல்லையாம். ஏண்ணே என்கிட்டச் சொல்லல?"

அவர் சன்னலைப் பார்த்தபடியே பேசினார்.

"அன்னிக்குத் தெரியலன்னு சொன்னேன். உண்மையாத்தான் சொன்னேன். இப்பக் கேட்டா எனக்குத் தெரியலம்மா. தினமும் பாக்குறேன். கண்ணாடிக்குக் கீழ மஞ்ச ஹெல்மெட்டு நல்லாத் தெரியுது. குனிஞ்சு பூட்டைத் திருகுறான். நான் இறக்குறேன். நாலு வருஷமாப் பாத்துக்கிட்டே இருக்கேன். அன்னிக்கும் இப்படித்தான் பாத்தேனா, அப்புறமாத்தான் இதெல்லாம் வந்துச்சான்னு என்னால பிரிக்க முடியல. அதான் நீ பேப்பரைக் காட்டினப்ப இல்லன்னு சொல்ல வாய் வரல."

"பாக்கல நீ" என்றது தங்கச்சி. "டீச்சர் சொல்றாங்க இல்ல. நீ பாக்கல." குழந்தைக்குச் சொல்வதுபோல் திரும்பத் திரும்பச் சொன்னது. நானும் ஒலிப்பதிவில் இருந்ததை, வெயில் கூசியதை, அவர் அன்று சொன்னதை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். அவர் தலையாட்டினார். வகுப்பில் புரியாத பாடத்துக்கும் அப்படித்தான் தலையாட்டுவார்.

அண்ணி டீ கொண்டுவந்தார். தங்கச்சி வாங்கிக் குடித்தது. நான்கு வருடத்தில் அண்ணன் வீட்டில் அது தொட்ட முதல் பொருள். அதைப் பார்த்து அண்ணிதான் அழுதார். கொக்கு கடைசிவரைக்கும் திரும்பவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டமில்லை. பாதி வழிக்குப் பிறகு அந்தப் பெண் சொன்னது: "அவரைப் பாத்துச்சோ இல்லையோ, என் மூஞ்சியைப் பாக்க மாட்டேங்குது டீச்சர்."

அதற்குப் பிறகும் அந்தப் பெண் மாதம் ஒருமுறை மகளைக் கூட்டிக்கொண்டு போகிறது. குழந்தை மாமா மடியில் ஏறி உட்கார்ந்தால் அவர் கண்ணை மூடிக்கொள்கிறாராம். அப்பா முகம் அல்லவா. மகள் என் வகுப்பில்தான் படிக்கிறாள். போன வாரம் துணைவினைகள் தொடங்க வேண்டியிருந்தது. அந்தப் பாடம் நடக்கும் நாலு நாளும் வேறொரு டீச்சரை அனுப்பும்படி தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்தேன். காரணம் கேட்டார். உடம்பு சரியில்லை என்றேன்.